கடினமான நாவல்களும் சாதாரண வாசகனும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடை பல இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



என்னை ஏன் இலக்கியம் பேசக் கூப்பிட்டார்கள் என்று உங்களுக்குச் சந்தேகம் வரலாம். எனக்கும் வந்தது. "ஏம்ப்பா, நான் பி.காம். படிச்சவன். முப்பத்தஞ்சு வருஷம் வங்கியில லெட்ஜர் பார்த்தவன். தமிழ்த் துறையில ஆள் இல்லையா?" என்று செயலாளரிடம் கேட்டேன். "அதனாலதாண்ணே கூப்பிடுறோம். அவங்க பேசினா பாராட்டிட்டுப் போயிருவாங்க. நீங்க உள்ளதைச் சொல்வீங்க" என்றார். ஆகவே இன்று உள்ளதை மட்டும் சொல்லப் போகிறேன். முன்வரிசை பொறுத்தருள வேண்டும்.

நான் இலக்கியவாதி கிடையாது. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம் படிப்பவன். சிம்மக்கல் நூலகத்தில் உறுப்பினர் அட்டை வைத்திருப்பவன். தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடந்தால் நாலு புத்தகம் வாங்கி, அதில் இரண்டை முடிப்பவன். இப்படிப்பட்ட சாதாரண வாசகன், 'கனமான நாவல்' என்று பெரியவர்கள் சொல்லும் நாவல்களைப் படித்தால் என்ன நடக்கிறது? அதுதான் என் தலைப்பு.

பக்கமா பிரச்சினை?

முதலில் ஒரு கேள்வி. 'பொன்னியின் செல்வன்' படித்து முடித்தவர்கள் கை தூக்குங்கள். (அரங்கில் பாதிப்பேருக்கு மேல் கை உயர்ந்தது.) நல்லது. நம் மதுரையையே களமாகக் கொண்ட ஜி. நாகராஜனின் 'நாளை மற்றுமொரு நாளே' படித்தவர்கள்? (ஐந்தாறு கைகள்.) பார்த்தீர்களா!

'பொன்னியின் செல்வன்' கல்கி இதழில் 1950 முதல் 1954 வரை வந்த தொடர்கதை. ஐந்து பாகம், இரண்டாயிரம் பக்கத்துக்கு மேல். அதை மூன்று தடவை படித்த அத்தைமார்கள், சித்திமார்கள் நம் வீடுகளில் உண்டு. 1974-இல் வந்த நாகராஜன் நாவலோ இருநூறு பக்கம்கூட இல்லை. பேச்சுத் தமிழ், அகராதி வேண்டியதில்லை. ஆனாலும் அதைத்தான் 'கஷ்டமான புத்தகம்' என்று வைத்துவிடுகிறோம். அப்படியானால் கஷ்டம் பக்கக் கணக்கில் இல்லை.

பிறகு எதில்? தொடர்கதை நம் கையில் ஒரு கயிற்றைக் கொடுக்கிறது. 'அப்புறம் என்ன ஆச்சு?' என்ற கயிறு. அதைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டுகூடக் கிணற்றில் இறங்கலாம். கனமான நாவல்கள் அந்தக் கயிற்றை எடுத்துவிடுகின்றன. சில நாவல் வேறு பிடிமானம் தருகிறது. சில நாவல் எதுவுமே தருவதில்லை. 'உன் பாடு' என்று விட்டுவிடுகிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் வாசகன் வேலை என்று நான் நினைக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பள்ளிக்கூடத்திலேயே அது ஆரம்பித்தது. நமக்குச் செய்யுள் வந்தபோது கூடவே கோனார் உரையும் வந்தது. 'ஆசிரியர் கூற வருவது யாது?' என்று ஐந்து மதிப்பெண் கேள்வி வரும். அதற்கு ஒரே ஒரு சரியான விடை உண்டு. அது 124-ஆம் பக்கத்தில் இருக்கும். இப்படியே பதினைந்து வருஷம் படித்துவிட்டு, நாற்பது வயதில் உரை போடாத ஒரு நாவலைக் கையில் எடுக்கும்போது பயம் வராமல் என்ன செய்யும்? 'சரியான விடை யாருக்கோ தெரியும், எனக்குத்தான் தெரியவில்லை' என்று தோன்றுகிறது. உடனே இரண்டில் ஒன்று செய்கிறோம். புத்தகத்தை மூடிவிடுகிறோம், அல்லது புரியாததைப் 'பிரமாதம்' என்கிறோம். முதலாவதாவது நேர்மை.

நான் படித்தவை

இனி என் அபிப்பிராயங்கள். தீர்ப்பு அல்ல, ஒரு வங்கி ஊழியனின் வரவு செலவுக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமியின் 'ஜே.ஜே: சில குறிப்புகள்' 1981-இல் வெளிவந்தது. ஜோசப் ஜேம்ஸ் என்ற மலையாள எழுத்தாளரின் வாழ்க்கையை ஒரு தமிழ் எழுத்தாளர் தேடிப்போகிறார். அப்படி ஒரு மலையாள எழுத்தாளர் உலகத்தில் கிடையாது. முழுக்கக் கற்பனை. ஆனால் பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1960 ஜனவரி 4-ஆம் தேதி கார் விபத்தில் இறந்தாரே, அதற்கு மறுநாள் ஜே.ஜே. இறந்தான் என்று தேதியோடு எழுதியிருப்பதைப் பார்த்தால் நிஜ ஆள் என்றே தோன்றும். பின்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. தமிழ் இலக்கிய உலகத்தைக் கிண்டல் செய்யும் இடங்களில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். நாட்குறிப்புப் பகுதியை ஒரே மூச்சில் படித்தால் மூச்சு முட்டுகிறது. டிகாக்‌ஷனை அப்படியே குடித்த மாதிரி. ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் என்று வைத்துக்கொண்டதும் ருசித்தது. என் குறை ஒன்றுதான்: முடித்த பிறகு கருத்துகள் நினைவில் நிற்கின்றன, மனிதர்கள் நிற்கவில்லை. எனக்கு மனிதர்கள் வேண்டும்.

ஜெயமோகனின் 'விஷ்ணுபுரம்' (1997) எண்ணூறு பக்கத்துக்கு மேல். மூன்று பாகம். காலம் நேராகப் போகாது. முதல் பாகத்தில் தெய்வத்துக்குச் சமமாக, கதையாக, ஐதீகமாகப் பேசப்படுகிற ஆட்கள், இரண்டாம் பாகத்தில் தயங்கித் தடுமாறும் சாதாரண மனிதர்களாக வந்து நிற்கிறார்கள். இது முதலில் குழப்பியது. பிறகு யோசித்தேன், இதில் நமக்கு என்ன புதுசு? மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசல் பக்கம் மதுரை வீரன் சாமியாக நிற்கிறார். ஒரு காலத்தில் கை கால் வெட்டுப்பட்டு ரத்தம் சிந்தினதாகக் கதை சொல்லப்படுகிற மனிதர்தானே அவர்? மனிதன் எப்படிச் சாமியாகிறான் என்பதைத் தினமும் பார்த்துக்கொண்டு போகிறவர்கள் நாம். அதைப் பிடித்துக்கொண்டதும் அந்த நாவல் எனக்குத் திறந்தது. ஆனால் ஞானசபையில் நடக்கும் தத்துவ வாதங்களில் பல பக்கங்களைத் தாண்டிப் போனேன். தாண்டியதற்காக எனக்குத் தூக்கம் கெடவில்லை. திருவிழாவுக்குப் போனவர்கள் எல்லா மண்டகப்படியிலுமா நிற்கிறோம்?

கோணங்கியின் 'பாழி' 2000-இல் வந்தது. இதே ஆசிரியரின் 'மதினிமார்கள் கதை' தொகுப்பை ரசித்துப் படித்தவன் நான். அந்த நம்பிக்கையில் 'பாழி'யை எடுத்தேன். கனவு மாதிரி மொழி. சில வரிகள் அழகாகவே இருந்தன. ஆனால் ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போகப் பாலம் எனக்குத் தென்படவில்லை. நாற்பது பக்கத்தில் நிறுத்திவிட்டேன். இங்கே மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'எனக்கு எட்டவில்லை' என்பது தகவல். 'புத்தகம் மோசம்' என்பது தீர்ப்பு. நாற்பது பக்கம் படித்தவனுக்கு முதலாவதைச் சொல்ல முழு உரிமை உண்டு. இரண்டாவதைச் சொல்ல உரிமை கிடையாது. கடன் மனுவில் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு நிராகரிக்கிற மேனேஜரை நாம் என்ன சொல்வோம்?

நம் ஊர் நாவல்கள்

இனி மதுரைக்கு வருவோம். சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' 2008-இல் வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். அவருக்கு அதுதான் முதல் நாவல். 2011-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதன் ஒரு பகுதியை எடுத்துத்தான் வசந்தபாலன் 2012-இல் 'அரவான்' படம் செய்தார். இந்த நாவலை ஒரு பெரிய எழுத்தாளர் வானளாவப் புகழ்ந்து எழுதினார். இன்னொரு பெரிய எழுத்தாளர் அடித்துத் துவைத்து எழுதினார். படித்தவர்களே இப்படி இரண்டாகப் பிரியும்போது, நம் கருத்துக்கும் ஒரு நாற்காலி போடலாம் அல்லவா?

என் கருத்து இது. மன்னர்கள் வரிசையாக வந்து போகும் முன்பகுதி எனக்குச் சரித்திரப் புத்தகத்தின் கனத்தோடு இருந்தது. யார் யாருக்கு மகன் என்று மறந்து மறந்து திரும்பிப் போனேன். ஆனால் வெள்ளைக்காரன் காலத்தில் மதுரைக் கோட்டையை இடிக்கும் பகுதி வந்ததும் புத்தகத்தைக் கீழே வைக்க முடியவில்லை. பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது, 1840-களில், கோட்டைச் சுவரை இடித்து, அகழியைத் தூர்த்து, வீதிகள் போட்டார்கள். வெளி வீதியும் மாரட் வீதியும் அப்படி வந்தவைதான். மாரட் என்பவர் நில அளவை அதிகாரி. பெருமாள் மேஸ்திரி அந்த வேலையில் இருந்தவர். அவர் பெயரிலும் வீதி இருக்கிறது. அந்த வீதிகளில்தான் நாம் துணி எடுத்தோம், பஸ் ஏறினோம், சினிமாவுக்குப் போனோம். நம் காலுக்குக் கீழே ஒரு கோட்டை புதைந்து கிடக்கிறது என்பதைப் பாடப்புத்தகம் எனக்குச் சொல்லவில்லை. ஒரு நாவல் சொன்னது.

ஊரைக் காவல் காத்தவர்கள், களவிலும் கைதேர்ந்தவர்கள் என்று இரண்டு பெயரும் சுமந்த ஒரு சமூகத்தின் கதை அது. போலீஸ் வந்த பிறகு அவர்கள் காவல் பறிபோனது; பிறகு குற்றப் பரம்பரைச் சட்டம் வந்து அவர்களைக் கைரேகையில் கட்டிப்போட்டது. நடுவில் 1876 தொடங்கி தாது வருஷப் பஞ்சம். அந்தப் பகுதியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இந்தக் கதையை முந்நூறு பக்கத்தில் சுருக்கியிருந்தால், நூறு வருஷம் ஒரு ஊரை எப்படி மாற்றுகிறது என்ற பாரம் நம் தோளில் ஏறியிருக்காது. ஆகவே இந்தக் கனம் தேவையான கனம். ஆனால் அத்தனை பக்கமும் தேவையா என்று கேட்டால், இல்லை என்பேன்.

நாகராஜனின் நாவல் வேறு விதமான கஷ்டம். கந்தன் என்ற ஆளின் ஒரே ஒரு நாள். ஒரே நாளை நாவலாக்குவது உலகத்தில் பெரிய பெயர் பெற்ற உத்தி. அயர்லாந்தின் ஜேம்ஸ் ஜாய்ஸ் 1922-இல் வெளியிட்ட 'யுலிஸஸ்', டப்ளின் நகரத்தில் 1904 ஜூன் 16 என்ற ஒரு நாளைச் சொல்வது. அதைப் படிக்க உரைநூல் வேண்டும் என்பார்கள். கந்தனின் நாளைப் படிக்க எந்த உரையும் வேண்டாம். ஆனால் தைரியம் வேண்டும். கந்தன் தரகன், குடிகாரன், அவன் மனைவி மீனா பாலியல் தொழில் செய்பவள். தெருவில் எதிரே வந்தால் நாம் அந்தப் பக்கம் ஒதுங்கிப் போகிற ஆள். அவனோடு ஒரு முழு நாள் நம்மை நடக்க வைக்கிறார் நாகராஜன். அவனுக்காக அழு என்றும் சொல்வதில்லை. அவனைத் திட்டு என்றும் சொல்வதில்லை. இவரோ கணக்கு ஆசிரியர். மதுரையில் எத்தனையோ மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். விடையைக் கடைசிப் பக்கத்தில் போடாத கணக்கு மாதிரி நாவலை எழுதிவிட்டு 1981-இல் போய்ச் சேர்ந்தார். மொழி எளிமையாக இருந்தும் இது கடினம். ஏனென்றால் கடினம் புத்தகத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

ஒரு தோணியின் கதை

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

ப. சிங்காரம், 1920-இல் சிங்கம்புணரியில் பிறந்தவர். மதுரையில் பள்ளிப் படிப்பு. 1938-இல், பதினெட்டு வயதில், சுமத்ராத் தீவிலுள்ள மெடான் நகருக்கு வட்டிக்கடை வேலைக்குக் கப்பல் ஏறினார். யுத்தம் வந்தது, ஜப்பான்காரன் வந்தான், போனான். இவர் 1946-இல் ஊர் திரும்பினார். 1947-இல் மதுரை தினத்தந்தியில் சேர்ந்து நாற்பது ஆண்டு வேலை பார்த்தார். மதுரை ஒய்.எம்.சி.ஏ. விடுதியில் ஒரு அறை. அவ்வளவுதான் அவர் வாழ்க்கை.

அவர் எழுதியவை இரண்டே நாவல். 'கடலுக்கு அப்பால்' 1959-இல் வந்தது. 'புயலிலே ஒரு தோணி'யை 1962 வாக்கில் எழுதி முடித்தார். அது புத்தகமாக வந்தது 1972-இல். நடுவே பத்து ஆண்டு கைப்பிரதியாகவே கிடந்தது. வந்த பிறகும் பெரிதாக யாரும் பேசவில்லை. மூன்றாவது நாவலை அவர் எழுதவேயில்லை. 1997 டிசம்பரில் காலமானார். அவர் மறைந்த பிறகுதான் இரண்டு நாவல்களும் சேர்ந்து மறுபதிப்பு வந்தன. தமிழின் மிகச் சிறந்த நாவல்களில் ஒன்று என்று எல்லோரும் எழுத ஆரம்பித்தார்கள். கேட்க அவர் இல்லை.

இந்த நாவல் கஷ்டமா? கஷ்டம்தான். மறைக்கவில்லை. டச்சுத் தெருப்பெயர், மலாய்ச் சொல், சீனப் பெயர் எல்லாம் விளக்கம் இல்லாமல் வரும். வட்டிக்கடையின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று தொழில் சொற்கள் வரும். கதாநாயகன் பாண்டியன் மெடானில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்ப்பான். நடப்பு எது, நினைப்பு எது என்று சில பக்கங்களில் தெரியாது. மதுக்கடையில் நண்பர்கள் உட்கார்ந்து தமிழர் பெருமையை நார்நாராகக் கிழிப்பார்கள். சங்க இலக்கியமும் சிலப்பதிகாரமும் கேலியில் கலந்து வரும்.

ஆனால் யோசித்துப் பாருங்கள். நம் பக்கத்துக் கிராமங்களில் 'கொண்டுவிக்க' பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சுமத்ராவுக்கும் போன குடும்பம் எத்தனை! அக்கரையில் இருக்கிறவன் மனசு எப்படி வேலை செய்யும்? கண் மெடானைப் பார்க்கும். மனசு மதுரை மாசி வீதியில் நடக்கும். வாய் பாதி மலாய், பாதி செட்டிநாட்டுத் தமிழ் பேசும். அதை நேர்க்கோட்டில், பாடப்புத்தகத் தமிழில் எழுதினால் அது பொய்யாகிவிடும். குழம்பின வாழ்க்கையைக் குழப்பத்தோடு எழுதினார் மனுஷன். இன்னொன்றும் சொல்கிறேன். எளிமையாக எழுதத் தெரியாமல் அவர் இப்படி எழுதவில்லை. டீக்கடையில் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற பத்திரிகையில் நாற்பது வருஷம் வேலை பார்த்தவர். எளிய தமிழ் எது என்று அவருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

ஒரு கனமான நாவலை எடைபோட எனக்குக் கிடைத்த தராசு இதுதான். இந்தக் கஷ்டம் சொல்ல வந்த விஷயத்திலிருந்து வருகிறதா, அல்லது எழுதுகிறவர் வேண்டுமென்றே மேலே போட்ட சுமையா? விஷயத்திலிருந்து வந்தால் தூக்கலாம். தூக்கின கூலி கிடைக்கும். இல்லையென்றால் இறக்கி வைத்துவிட்டு அடுத்த புத்தகத்துக்குப் போகலாம். வெட்கப்பட வேண்டியதில்லை.

நாம் பேசாமல் இருப்பதன் விலை

'நாம படிச்சா என்ன, படிக்காட்டி என்ன? இலக்கியம் அதுபாட்டுக்கு நடக்கும்' என்று நினைக்கலாம். நடக்காது. வங்கிக்காரன் கணக்கு ஒன்று சொல்கிறேன். தமிழில் இப்படிப்பட்ட நாவல் ஒன்று வெளிவந்தால் ஒரு பதிப்பு ஆயிரம் பிரதி என்பதுதான் வெகுகாலமாக இருந்த கணக்கு. அது விற்று முடிய வருஷக்கணக்கில் ஆகும். இந்த மண்டபத்தில் முந்நூறு பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒன்று வாங்கினால் பதிப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இங்கேயே தீர்ந்தது. அதாவது நம் ஒரு கல்லூரியின் ஒரு கூட்டம், ஒரு எழுத்தாளர் அடுத்த புத்தகம் எழுதுவாரா மாட்டாரா என்பதைப் பாதிக்கக்கூடிய அளவுக்குப் பெரியது. சினிமாவில் முந்நூறு பேர் ஒரு காட்சிகூட இல்லை. இலக்கியத்தில் முந்நூறு பேர் ஒரு படை.

'எழுத்து' பத்திரிகை நடத்திய சி.சு. செல்லப்பா, மதுரையில் கல்லூரிப் படிப்பு படித்தவர். அவர் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். கட்டை அவர் ஏன் கல்லூரிக்குத் தூக்கிவந்தார்? படிக்கிறவர்கள் அங்கேதான் இருப்பார்கள் என்ற நம்பிக்கை. 1997-இல், எண்பத்தைந்து வயதில், சுதந்திரப் போராட்ட காலத்தைப் பற்றி மூன்று பாகமாக 'சுதந்திர தாகம்' நாவலைத் தாமே வெளியிட்டார். அடுத்த ஆண்டு காலமானார். 2001-இல் அதற்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது. மூன்று பாகத்தில் ஒன்றைத்தான் இதுவரை முடித்திருக்கிறேன். மெதுவாகப் போகிற நாவல். அவருடைய 'வாடிவாசல்' (1959) ஒரே மூச்சில் முடிகிற சின்னப் புத்தகம். ஜல்லிக்கட்டுக் காளை சீறுவது காதில் கேட்கும். செல்லப்பாவில் நுழைய விரும்புகிற மாணவர்கள் அந்த வாசல் வழியாக வாருங்கள்.

விமர்சகர்கள் மட்டும் பேசினால் நாவல் இரண்டு பேருக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது: புகழ்கிறவர், இகழ்கிறவர். படித்தவர் என்ற மூன்றாவது ஆளைக் காணோம். அந்த மூன்றாவது ஆள் பேசினால்தான் நான்காவது ஆள் புத்தகத்தை எடுப்பார். 'முதல் நூறு பக்கம் இழுவை, அப்புறம் விடாது' என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால், அதற்கு இருக்கிற பலம் பத்துப் பக்கக் கட்டுரைக்குக் கிடையாது.

மாணவர்களுக்குச் சில வார்த்தைகள்

தம்பி தங்கைகளே, அனுபவத்தில் கண்ட நாலு வழி சொல்கிறேன்.

ஒன்று, பெரிய நாவலுக்கு நூறு பக்கம், சின்ன நாவலுக்கு முப்பது பக்கம் தவணை கொடுங்கள். அதற்குள் ஒட்டவில்லை என்றால் மூடி வையுங்கள். ஆனால் கட்டிலுக்கு அடியில் போடாதீர்கள், அலமாரியில் வையுங்கள். ஐந்து வருஷம் கழித்து அது உங்களுக்காகக் காத்திருக்கும்.

இரண்டு, ஆட்கள் நிறைய வந்தால் ஒரு தாளில் பெயர்களை எழுதிப் புத்தகத்துக்குள் செருகிக்கொள்ளுங்கள். டால்ஸ்டாயின் பெரிய நாவலை 'போரும் வாழ்வும்' என்று டி.எஸ். சொக்கலிங்கம் தமிழில் தந்திருக்கிறார். அதில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் வரும். இந்தத் தாள் இல்லாவிட்டால் நான் ருஷ்யப் பனியிலேயே காணாமல் போயிருப்பேன்.

மூன்று, புரியாத பக்கத்தை வாய்விட்டுப் படியுங்கள். எழுத்தில் முரண்டு பிடிக்கிற வாக்கியம் காதில் பல தடவை பணிந்துவிடும். வட்டார வழக்குக்கு இது கைகண்ட மருந்து. கைப்பேசியில் கதைச் சுருக்கம் பத்து நிமிஷத்தில் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். சுருக்கத்தில் கிடைப்பது கதை. நாவல் அங்கே கிடைக்காது. பிரியாணி எப்படி இருந்தது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு கை கழுவ முடியுமா?

நான்கு, 'ஆசிரியர் கூற வருவது யாது?' என்ற கேள்வியைப் பரீட்சை மண்டபத்திலேயே விட்டுவிடுங்கள். பதிலாக, 'நான் எந்த இடத்தில் நின்றேன்? எந்த இடத்தில் கொட்டாவி விட்டேன்? ஏன்?' என்று கேளுங்கள். பிடிக்கவில்லை என்று சொல்லும்போது எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். பிரமாதம் என்று சொல்லும்போதும் எந்தப் பக்கம் என்று சொல்லுங்கள். பக்க எண் சொல்கிறவன் பொய் சொல்வது கஷ்டம்.

ஒரு வேண்டுகோள்

நிறைவாக, சங்கத்துக்கு ஒரு யோசனை. வருஷா வருஷம் சந்திக்கிறோம், சாப்பிடுகிறோம், புகைப்படம் எடுக்கிறோம். இந்த ஆண்டு முதல் நம் கல்லூரி நூலகத்தில் ஒரு தட்டு கேட்டு வாங்குவோம். அதில் மதுரையும் மதுரைச் சீமையும் வருகிற நாவல்களை முதலில் அடுக்குவோம். ஒவ்வொரு புத்தகத்தின் உள்ளட்டையிலும் ஒரு உறை ஒட்டிவிடுவோம். படித்தவர், முடித்தவரானாலும் பாதியில் விட்டவரானாலும், ஐந்து வரி எழுதி அதில் போட வேண்டும். பெயர் வேண்டாம், எத்தனையாவது பக்கம் வரை படித்தேன் என்று மட்டும் இருந்தால் போதும். பேராசிரியர் எழுதிய சீட்டும், முதலாண்டு மாணவி எழுதிய சீட்டும், நூலக உதவியாளர் எழுதிய சீட்டும் ஒரே உறையில் கிடக்கட்டும். அடுத்து எடுக்கிறவர் அதைப் பார்ப்பார். 'இவருக்கும் இந்த இடம் கஷ்டமாத்தான் இருந்திருக்கு, ஆனா தாண்டியிருக்கார்' என்று தெரிந்தால் அவரும் தாண்டுவார்.

தட்டுக்கு முதல் பத்துப் புத்தகங்களை நான் வாங்கித் தருகிறேன். அதில் ஒன்று 'புயலிலே ஒரு தோணி', இரண்டு பிரதி. சிங்காரம் ஐம்பது வருஷம் இந்த ஊரில் நடமாடினார். மாசி வீதியில் நம்மில் பலர் அவரை உரசிக்கொண்டே போயிருக்கலாம். இன்றைக்கும் இந்த ஊரில் ஏதோ ஒரு விடுதி அறையில், ஒரு மாடி வீட்டில், யாரோ ஒருவர் கைப்பிரதியோடு உட்கார்ந்திருப்பார். அவருக்குப் பாராட்டு விழாவும் வேண்டாம், பொன்னாடையும் வேண்டாம். அவர் புத்தகத்தை வாங்கி, படித்து, 'எண்பதாம் பக்கத்துல எனக்குப் புரியலை சார், ஆனா நூற்றிருபதாம் பக்கம் என்னைத் தூங்க விடலை' என்று சொல்ல நாலு பேர் வேண்டும். அந்த நாலு பேர் இந்த மண்டபத்திலிருந்து கிளம்பட்டும்.